சூடாக அவித்த இடியப்பம் எப்படி வாந்தியை உண்டாக்கியது? தெருவோரத்தில் உணவு விற்கும் ஒரு குடும்பத்தின் கேள்வி

கேள்வி: மாங்குளத்து மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் மாங்குளம் சந்திக்கு அருகில், ஏ9 வீதியோரத்தில், ஒன்பது ஆண்டுகளாகக் காலை உணவு விற்று வருகிறார். தகரக் கொட்டில் ஒன்று, விறகடுப்பு இரண்டு, வாங்கு ஒன்று என்ற அளவில்தான் கடை. இடியப்பம், தேங்காய்ச் சம்பல், சொதி, உளுந்து வடை, தேநீர் ஆகியவற்றை மட்டுமே விற்கிறோம். தந்தை இல்லாத எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூவரும் படித்தது இந்த அடுப்பின் வருமானத்தில்தான்.

சென்ற மாதம் ஒரு விளையாட்டுக் கழகத்தினர் தங்கள் போட்டிக்காக 60 பொதி இடியப்பம் கேட்டார்கள். அவ்வளவு பெரிய தொகையை அம்மா அதற்கு முன் செய்ததில்லை. முதல் நாள் இரவே தேங்காய் முழுவதையும் திருவி வைத்துவிட்டார். அதிகாலை 3 மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்து, சம்பலைப் பிசைந்து, ஐந்தரை மணியளவில் சூட்டோடு சூடாகப் பொதி கட்டினோம். இடியப்பத்தின் மேல் சம்பலை வைத்து லஞ்ச் சீற்றில் சுற்றி, சொதியைச் சிறு பைகளில் ஊற்றி முடிந்து, ஆறாமல் இருப்பதற்காக எல்லாவற்றையும் றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகளில் அடுக்கி 6 மணிக்குக் கையளித்தோம். போட்டி தொடங்கத் தாமதமாகியதால் அவர்கள் அவற்றைப் பத்தரை மணிக்குத்தான் உண்டிருக்கிறார்கள். ஒரு மணிக்கு முன்பாகவே 17 பேர் வாந்தி எடுத்தார்கள். சிலருக்கு வயிற்றோட்டமும் ஏற்பட்டது. வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்ட அனைவரும் மறுநாள் நலமாக வீடு திரும்பியது எங்களுக்குப் பெரிய ஆறுதல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து விசாரித்து, எஞ்சியிருந்த பொதிகளை மாதிரியாக எடுத்துச் சென்றார். முடிவு வரும்வரை கடையைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. குளித்துத் தலைமுழுகிய பின்பே அடுப்பை மூட்டுகிறவர் அவர். பொதி கட்டியதற்கு இரண்டு நாட்களுக்கு முன் திருவலையில் விரலை வெட்டிக்கொண்டதால் சீலைத் துணி சுற்றிக்கொண்டுதான் வேலை செய்தார் என்றாலும், பாத்திரங்களை இருமுறை கழுவாமல் எடுக்கமாட்டார். அதே சம்பலையும் அதே சொதியையும் நானும் தம்பியும் ஆறரை மணிக்கு வீட்டிலிருந்து உண்டோம். எங்களுக்கு எதுவும் ஆகவில்லை. உணவில் பழுதான மணமோ புளிப்போ இருக்கவில்லை என்று உண்டவர்களும் சொல்கிறார்கள்.

கொதிக்கும் ஆவியில் அவித்த உணவில் கிருமி எங்கிருந்து வந்தது? ஒரே உணவை உண்ட எங்களுக்கு ஏன் ஒன்றும் நேரவில்லை? கடையை மீண்டும் திறப்பதானால் எதை மாற்ற வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பதில்: நுணுக்குக்காட்டி (வவுனியா)

தங்கைக்கு, நான் மருத்துவ ஆய்வுகூடமொன்றில் பணியாற்றுகிறேன். மாதிரியின் முடிவு வருவதற்கு முன் எவரும் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆயினும் நீங்கள் நேரங்களை இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதால், அவற்றைக் கொண்டே கணிசமான தூரம் செல்லலாம்.

உணவினால் வரும் நோய்களில் முதலில் கேட்கப்படுவது, உண்டதற்கும் நோய் தொடங்கியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதே. உங்கள் விடயத்தில் அது இரண்டரை மணித்தியாலத்துக்கும் குறைவு. சல்மொனெல்லா என்ற பற்றீரியா உடலுக்குள் சென்று பெருகி நோயை உண்டாக்கக் குறைந்தது 6 மணித்தியாலம் எடுக்கும்; வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லாவுக்குப் பெரும்பாலும் ஓரிரு நாட்கள் வேண்டும்; நெருப்புக் காய்ச்சல் வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரங்கள்வரை செல்லும். ஆகவே இங்கே, பற்றீரியா வயிற்றுக்குள் போய்ப் பெருகியதைவிட, அது உணவிலேயே பெருகி, நச்சுப்பொருளை ஏற்கெனவே உணவில் விட்டுவைத்திருந்தது என்பதே பொருந்துகிறது. அப்படிச் செய்யக்கூடியவை என்று முதலில் நினைவுக்கு வருபவை இரண்டு.

ஒன்று ஸ்ரபைலோகொக்கஸ் ஓரியஸ். நலமாக இருப்பவர்களிலும் ஏறக்குறைய மூவரில் ஒருவரின் மூக்கில் இது குடியிருக்கிறது. சீழ்க்கட்டிகளிலும் ஆறாத வெட்டுக்காயங்களிலும் மிக அதிகமாக இருக்கும். பல பற்றீரியாக்களை அடக்கும் உப்பு இதை எளிதில் அடக்காது. அம்மாவின் விரலைச் சுற்றியிருந்த துணியை நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது. ஈரமான சீலைத் துணி காயத்தை மறைக்கும், ஆனால் காயத்திலிருந்து கசிவதைத் தடுக்காது. அந்தக் கையால்தான் தேங்காய் திருவப்பட்டது, அந்தக் கையால்தான் சம்பல் பிசையப்பட்டது. சம்பல் அடுப்பு காணாத உணவு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். இடியப்பம் ஆவியில் வெந்திருக்கலாம், சொதி கொதித்திருக்கலாம். ஆனால் அவற்றின் மேல் வைக்கப்பட்ட சம்பலில் இருந்த எதையும் எந்தச் சூடும் தொடவில்லை.

மற்றையது பசிலஸ் சீரியஸ். மண்ணிலும் தானியங்களிலும் இயல்பாகவே இருப்பது, அரிசியிலும் அரிசி மாவிலும் தாராளமாகக் காணப்படுவது. இது வித்திகள் எனப்படும், கடும் சூட்டையும் தாங்கும் உறங்குநிலை வடிவங்களை உருவாக்கும். அந்த வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. சமைத்த உணவு மெல்ல ஆறி இளஞ்சூட்டில் நீண்ட நேரம் கிடந்தால் வித்திகள் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். பழைய சோற்றைப் பிரட்டி விற்கும் பிறைட் றைஸ் கடைகளில் வரும் வாந்திக்கு இதுவே பேர்பெற்ற காரணம்.

இந்த இரண்டில் எதுவாயினும், அதற்கு வாய்ப்பளித்தது அந்த றெஜிபோம் பெட்டி. உணவு ஆறக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் அடுக்கினீர்கள். ஆனால் சமைத்த உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 5 பாகைக்குக் கீழ் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பநிலையில்தான் பற்றீரியாக்கள் பெருகுகின்றன. றெஜிபோம் பெட்டியால் 60 பாகையை ஐந்து மணித்தியாலம் பிடித்து வைத்திருக்க முடியாது. இறங்கி வரும் சூட்டை மனித உடலின் சூட்டுக்கு அண்மையில் நீண்ட நேரம் நிறுத்தி வைக்க மட்டுமே அதனால் முடியும். அது ஸ்ரபைலோகொக்கஸுக்கு மிகப் பிடித்தமான வெப்பநிலை.

உங்களுக்கும் தம்பிக்கும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்ற சூழலில் சில பற்றீரியாக்கள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஐந்து மணித்தியாலத்தில் 15 தடவை இரட்டித்தால் ஒன்று 32,768 ஆகிறது; ஆயிரம் என்று தொடங்கியது 3 கோடியைத் தாண்டுகிறது. பொதிக்குள் எப்போதும் அவ்வளவு வேகமாக நடக்காது என்றாலும் போக்கு இதுதான். ஸ்ரபைலோகொக்கஸ் ஒரு கிராம் உணவில் ஏறத்தாழ ஓர் இலட்சத்தைக் கடந்த பின்பே நோய் தரும் அளவுக்கு நச்சு சேர்கிறது. ஆறரை மணிக்கு நீங்கள் உண்டபோது அந்தக் கட்டம் வந்திருக்காது. பத்தரை மணிக்கு வந்திருக்கும். அறுபது பேரில் பதினேழு பேர் மட்டும் பாதிக்கப்பட்டதும் வியப்பில்லை. பிசைந்த சம்பலில் கிருமி ஒரே சீராகப் பரவியிருக்காது, எல்லோரும் ஒரே அளவு உண்டிருக்கவும் மாட்டார்கள்.

மணமும் சுவையும் கெடவில்லை என்பதை அம்மா தன் மனத்துக்குச் சாட்சியாக வைத்திருப்பார். இந்த நச்சுகளுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இன்னொன்றையும் அவரிடம் அவசியம் சொல்லுங்கள்: இவ்வாறான உணவைத் திரும்பச் சூடாக்கினாலும் பயனில்லை. ஸ்ரபைலோகொக்கஸின் நச்சு அரை மணித்தியாலக் கொதிப்பைத் தாங்கும். பசிலஸ் சீரியஸின் வாந்தி நச்சு 121 பாகையையும் தாங்கும். பற்றீரியா செத்துப்போகும், அது விட்டுச் சென்றது சாகாது.

பதில்: கச்சான் வியாபாரி (முள்ளியவளை)

தங்கச்சி, உங்கள் அம்மாவை நினைத்து மனம் வருந்துகிறேன். நான் வற்றாப்பளைப் பொங்கலிலிருந்து புளியம்பொக்கணைப் பொங்கல்வரை, வன்னியின் திருவிழா ஒவ்வொன்றிலும் கச்சான் கடை போடுகிறவன். என் சரக்கு சூடான மணலில் வறுபடுகிறது. ஈரம் இல்லாததால் பற்றீரியாவுக்கு அங்கே இடமில்லை. ஈரமான கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் அது வேறு நஞ்சு, ஆகையால் மூட்டையை நிலத்தில் வைக்காமல் பலகை மேல் வைக்கிறேன். என் பக்கத்துக் கடைகளில் பல ஆண்டுகளாகக் கண்டவற்றை எழுதினால் உங்களுக்கு உதவும் என்று எண்ணுகிறேன்.

எங்கள் பெரிய குறை தண்ணீர்தான். ஒரு திருவிழாவில் என் கடையிலிருந்து குழாயடிக்கு நடந்து போய்த் திரும்பி வரக் கால் மணித்தியாலம் எடுத்தது. கடையில் ஒருவர் மட்டும் நின்றால் எத்தனை தடவை போவார்? காலையில் ஒரு வாளி கொண்டுவந்து, அதற்குள்ளேயே தட்டையும் கரண்டியையும் கையையும் இரவுவரை அலசிக்கொண்டிருப்பார். எட்டாவது தட்டு அலசப்படும்போது அந்த வாளியில் இருப்பது தண்ணீர் என்று சொல்லத் தகாதது. இதற்கு நான் கண்ட வழி, கீழே குழாய் பூட்டிய மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி. தண்ணீர் ஓடிக் கழுவுவதால், ஒருவரின் அழுக்கு அடுத்தவரின் தட்டுக்குப் போகாது. ஒரு வாளித் தண்ணீரில் நாள் முழுவதும் கை கழுவ முடிகிறது. பக்கத்தில் ஒரு சவர்க்காரக் கட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

அடுத்தது ஐஸ். முல்லைத்தீவுக் கரையில் மீனுக்குப் போடும் பாளங்களை வாங்கி, சாக்கில் சுற்றி, தரையில் வைத்து உடைத்துச் சர்பத்தில் போட்டவர்களை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். குளிரில் கிருமி செத்துவிடும் என்று அவர்கள் மனமார நம்புகிறார்கள். உறைநிலையில் கிருமி பெருகாமல் இருக்குமே தவிரச் சாவதில்லை. பாளம் கரைந்ததும் மீண்டும் தன் வேலையைத் தொடங்கும். சித்திரை வெயிலில் வெட்டி வைத்த வத்தகப்பழமும் அப்படித்தான். பழத்தின் உள்ளே சுத்தம்; ஆனால் கழுவாத தோலிலிருக்கும் தோட்டத்து மண்ணைக் கத்தியே உள்ளே இழுத்துச் செல்கிறது.

காசு வாங்கும் கையும் உணவு எடுக்கும் கையும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பதை நான் என் மகனை வைத்துத்தான் நடைமுறைப்படுத்தினேன். காசை அவன் பார்ப்பான், சுருளை நான் கட்டுவேன்.

தெருவில் விற்கிறவர்கள் எல்லோரும் அழுக்கானவர்கள் என்று பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதுண்டு. கண்முன்னே கொதிக்கும் எண்ணெயில் பொரித்துக் கையிற் கொடுக்கும் வடையைப் போலப் பாதுகாப்பான உணவு பெரிய கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் கிடையாது. காலையில் பொரித்த ரோல்ஸ் அங்கே மாலைவரை மின்குமிழின் இளஞ்சூட்டில் கிடப்பதை எவரும் குறை சொல்வதில்லை.

பதில்: ஓய்வுநிலைப் பரிசோதகர்

பிள்ளை, 30 ஆண்டுகளுக்கு மேல் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வன்னியில் கடமையாற்றியவன் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், பரிசோதகர் வந்தது உங்கள் குடும்பத்தைத் தண்டிப்பதற்காக என்று அம்மா எண்ண வேண்டாம். உணவு நஞ்சாதல், நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, செங்கண்மாரி முதலியவை சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். வைத்தியர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிப்பார்; பரிசோதகர் இடத்துக்குச் சென்று காரணத்தைத் தேடுவார். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் மாதிரி எடுக்கவும், தேவைப்பட்டால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் அதிகாரம் தருகிறது என்பது உண்மை. ஆனால் விரலில் காயம் இருந்ததையும் தேங்காய் இரவே திருவப்பட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் காரணம் தெரியாமற் போகும். காரணம் தெரியாவிட்டால் அதே தவறு திரும்ப வரும்.

ஆய்வுகூடத் தம்பி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை, எனினும் தண்ணீரை அவர் தொடவில்லை. இந்த முறை நேரக்கணக்கு நச்சைச் சுட்டுகிறது. அடுத்த முறை அது கிணறாக இருக்கலாம். மாரி காலத்தில் நிலத்தடி நீர் மேலெழும்போது மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள மண் வடிகட்டியாக இருக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவது அதற்காகத்தான். பரிசோதகரிடம் கேட்டால் அளவு பார்த்து இட்டுத் தருவார். சிகெல்லாவுக்கு நூற்றுக்கும் குறைவான கிருமிகள் போதும், அதற்கு உணவில் பெருக வேண்டிய தேவையே இல்லை. 2009இல் வவுனியா மெனிக் பாமில் இடம்பெயர்ந்தோர் இருந்த முகாம்களில் செங்கண்மாரி எப்படிப் பரவியது என்பதை எங்கள் தலைமுறை மறக்காது. அது பற்றீரியா அன்று, வைரசு. ஆயினும் வந்த வழி ஒன்றுதான், மலத்திலிருந்து தண்ணீர் வழியாகவும் கை வழியாகவும் வாய்க்கு.

உங்கள் கடையில் ஒன்பது ஆண்டுகள் ஒரு குறையும் வராமல் இருந்ததற்கும் அன்று வந்ததற்கும் காரணம் உண்டு. வாங்கில் இருப்பவருக்கு இடியப்பம் எடுத்துக் கொடுத்தால் அவர் ஐந்து நிமிடத்தில் உண்டு முடிப்பார். அறுபது பொதி கட்டி அனுப்புவது முற்றிலும் வேறு தொழில். உண்ணும் நேரம் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. என் அனுபவத்தில், கூட்டமாக நோய்வாய்ப்பட்ட சம்பவங்களில் மிகப் பல, அன்றாட விற்பனையில் அல்லாமல் இப்படி மொத்தமாகச் செய்து முன்கூட்டியே கட்டிக் கொடுத்த உணவிலேயே நிகழ்ந்தன. மொத்தக் கட்டளை வந்தால் சம்பலையும் சொதியையும் தவிர்த்துவிடுங்கள். வடை, வறுத்த கடலை போன்ற ஈரம் குறைந்தவற்றைக் கொடுங்கள். அவற்றையும் எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்று பொதியில் எழுதி ஒட்டுங்கள். சாதாரண நாட்களில் இரண்டு மணித்தியாலம் என்பது விதி. எங்கள் வெயிலுக்கு ஒரு மணித்தியாலம் என்று கொள்வதே நல்லது.

கையுறையை மட்டும் நம்பிவிட வேண்டாம். கையுறையோடு காசு வாங்கி, அதே கையுறையோடு இடியப்பம் எடுத்தால் வெறுங்கைக்கும் அதற்கும் வேறுபாடில்லை. இடுக்கி நல்லது. விரலில் காயம் உள்ளவர் அது ஆறும்வரை உணவைத் தொடாமல் காசைப் பார்க்கட்டும். தொட்டே ஆகவேண்டுமானால் நீர் புகாத பிளாஸ்ரர் ஒட்டி, அதன் மேல் கையுறை அணியட்டும்.

வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால் முதல் ஆபத்து நீரிழப்பு. ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூள்) பொதி ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் கூடினாலோ, சிறுபிள்ளை சலம் கழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

மறுமொழி: மாங்குளத்து மகள்

ஐயாவுக்கும் அண்ணைமாருக்கும் நன்றி. எல்லாப் பதில்களையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விரலைப் பற்றிய பகுதியில் என்னை நிறுத்தி, மீண்டும் வாசிக்கச் சொன்னார். அந்தத் துணி இரவு திருவும்போதே நனைந்துவிட்டது என்றும், விடிய வேறு துணி சுற்றினேன் என்றும் சொன்னார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. மாலையில், பரிசோதகரிடம் தானே இதைச் சொல்வதாகச் சொன்னார்.

இன்னும் ஒரு சந்தேகம். அன்றாட விற்பனையில் சம்பலும் சொதியும் காலை 5 மணியிலிருந்து ஒன்பதரை வரை கடையில் இருக்கும். அதுவும் பிழைதானா?

பதில்: நுணுக்குக்காட்டி (வவுனியா)

ஆம், சிறிது மாற்ற வேண்டும். சொதியைத் தணலின் மேலேயே வையுங்கள். ஆவி எழும் அளவுக்குச் சூடு தொடர்ந்து இருந்தால் போதும். தேங்காய்ப் பாலும் மிளகும் சேர்ந்த சொதி இளஞ்சூட்டில் நின்றால் அதைவிடச் சிறந்த, கிருமி வளர்க்கும் ஊடகத்தை எங்கள் ஆய்வுகூடத்திலும் தயாரிக்க இயலாது. சம்பலை ஒரே தடவையில் பிசையாமல் மணிக்கொரு தடவை சிறிதளவாகப் பிசையுங்கள். முந்தியதன் மிச்சத்தைப் புதியதுடன் கலக்க வேண்டாம், ஏனெனில் கலந்தால் புதியதும் பழையதாகிவிடும். தேசிக்காய்ப் புளி சற்றுத் தாராளமாகவே இருக்கட்டும்; அது பெருக்கத்தை மந்தப்படுத்தும், ஆனால் நேரத்துக்கு ஈடாகாது. இடியப்பத்தை அவித்ததும் மூடிய பெட்டியில் குவிக்காமல் சுளகில் ஒற்றைப் படையாகப் பரப்பி, சுத்தமான துணியால் மூடி ஆறவிட்டு, பனையோலைப் பெட்டியில் எடுத்து வையுங்கள். காற்றுப் போகும் பெட்டியில் வியர்வை பிடிக்காது. எங்கள் பாட்டிமார் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள்.

மறுமொழி: மாங்குளத்து மகள்

பரிசோதகர் நேற்று வந்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். அவர் எழுதிக்கொண்டு, காயம் ஆறியதற்கு வைத்தியரின் சான்றிதழும் கிணற்று நீரின் பரிசோதனையும் முடிந்த பின் கடையைத் திறக்கலாம் என்றார். தம்பி குழாய் பூட்டிய வாளி ஒன்றை வாங்கி வந்து கொட்டிலின் முன் கப்பில் கட்டியிருக்கிறான். விளையாட்டுக் கழகத்துப் பிள்ளைகள் இருவர் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடை எப்போது திறக்கும் என்று கேட்டார்கள்.